எண்ணெய் தேய்த்துக் குளித்த ஜீப்

யுத்தம் முடிந்த மறுவருஷம் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் பட்டாளத்து ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தத் தெருவில் கொஞ்சம் பசையுள்ளவர்கள் இங்கிலீஷ் கார் வைத்திருந்தார்கள். இன்னும் பசையுள்ளவர்கள் அமெரிக்கக் கார் வைத்திருந்தார்கள். இவருக்கு இரண்டையும் விட மலிவாக, ஆனால் தெருவே திரும்பிப் பார்க்கும்படியாக ஏதாவது வேண்டியிருந்தது. கதவு கிடையாது, கூரைக்குக் கித்தான் துணி, பச்சை வர்ணம் பாதி உரிந்து போயிருந்தது. அதை வாசலில் நிறுத்தி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து உள்ளே ஏற்றிக்கொண்டார்கள்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர் கார்களில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில் வக்கீல் உட்காருவார். லஸ் முனையில் நின்று பார்க்கிறவர்களுக்கு, அங்கவஸ்திரம் போட்ட கனத்த மனிதர் ஒருவர் கையில் ஸ்டியரிங்கே இல்லாமல், வெற்றிலை மென்றுகொண்டு வண்டி ஓட்டிப் போவது போலத் தெரியும். அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது.

மீதிப் பாதியைச் சொல்வதற்கு முன் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் மந்தைவெளியில் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக். கொட்டகை ஒரு பாயுடையது. அவர் அப்பா காலத்தில் கோச்சு வண்டிகளுக்குச் சக்கரமும் ஸ்பிரிங் பட்டையும் அடித்துக்கொண்டிருந்த இடம், இவர் காலத்தில் மோட்டாருக்கு மாறியிருந்தது. வீட்டில் உருது, கொட்டகையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் பேசுவார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'பட்டாளம்' என்பார். வருகிறவர்களிடமெல்லாம், "இவன் பர்மாலே ஜீப்பு ரிப்பேர் பண்ணவன்" என்று சொல்லி வைத்திருந்தார். அவரிடம் அப்படிச் சொன்னது நான்தான். உண்மையில் நான் பர்மாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மூன்று வருஷமும் பெங்களூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் உட்கார்ந்து, ஜீப்புச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, ரகம் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதெல்லாம் பயிற்சி மைதானத்தில்தான். ஊருக்குத் திரும்பியதும் பர்மா தானாக வாயில் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் என்னை மாதிரி பர்மா போகாத பர்மாக்காரர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள்.

வண்டியை ஓட்டினவர் நொச்சிக்குப்பத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். அண்ணன் தம்பிகளெல்லாம் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் சின்ன வயதிலேயே ஸ்டியரிங் பிடிக்கப் போய்விட்டார். அவருடைய மனைவி கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்றாள். வக்கீலிடம் பழைய கார் இருந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இவர்தான் டிரைவர். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் வந்ததும் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் குளித்து, அங்கே கொடியில் தொங்குகிற சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் வண்டியைத் தொடலாம். மீன் நாற்றம் வந்துவிடுமாம். மனிதர் பன்னிரண்டு வருஷமும் முகம் சுளிக்காமல் செய்தார். நானாக இருந்தால் முதல் நாளே சாவியை விட்டெறிந்திருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொள்வேன். நான் எதையெல்லாம் விட்டெறிவேன் என்பது பின்னால் தெரிந்துவிட்டது.

வக்கீலுக்குப் பெருங்குடியில் நிலமும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. அடையாறு பாலத்தைத் தாண்டி, திருவான்மியூரைத் தாண்டி, அதற்கப்பால் மணலும் சதுப்புமாகப் போகும் மாட்டுவண்டிப் பாதை. வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் முதுகு மாதிரி மேடு நிற்கும். ஒரு மழை நாளில், "சார், இதுல எறங்குனா வயிறு தட்டும்" என்று டிரைவர் சொல்லச் சொல்ல, "மிலிடரி வண்டிடா, நீ போ" என்று வக்கீல் இறக்கச் சொன்னார். வயிறு தட்டியது. நாலு சக்கரமும் பள்ளத்தில் சும்மா சுற்ற, ஜீப் அந்த மேட்டின் மேல் படுத்துக்கொண்டது. குத்தகைக்காரர்கள் எட்டுப் பேர் வந்து தூக்கிவிட்டார்கள். தூக்கினது பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. தூக்கும்போது சிரித்தார்களாம்.

மறுநாளே வண்டி எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டது. நாலு விரற்கடை உயர்த்த வேண்டும் என்றார் வக்கீல்.

"பட்டாளத்துல இந்த மாதிரி ஒசத்துவாளோ?" என்று என்னைக் கேட்டார்.

ஒசத்த மாட்டார்கள். நான் இருந்த கிடங்கில் அப்படி ஒரு வண்டிகூட வந்ததில்லை. வந்திருந்தால் உயர்த்தியவனைக் கூப்பிட்டு நிற்க வைத்து விசாரித்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் பாய் நிற்கிறார், கேட்பவர் ஹைகோர்ட்டு வக்கீல், நானோ பர்மா திரும்பி.

"சர்வ சாதாரணம் சார்" என்றேன்.

இது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜீப்பின் உடம்பு நாலு ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு கோத்துத் தொங்கவிடுகிற இரும்பு வளைவுக்கு ஷாக்கிள் என்று பெயர். ஊஞ்சல் சங்கிலி மாதிரி அது முன்னும் பின்னும் ஆட வேண்டும். அது ஆடுகிற இடத்தில் மரை போட்ட ஒரு குழல், அதை புஷ் என்போம். புஷ்ஷுக்குள் கிரீஸ் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரும்பை இரும்பு தின்னும். பட்டை கூட்டினாலும் வண்டி உயரும், ஷாக்கிளை நீட்டினாலும் உயரும். நீட்டினால் முன் சக்கரம் நிற்கிற சாய்வே மாறி, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

நான் இரண்டையும் செய்தேன். உடைந்த லாரி ஒன்றிலிருந்து பட்டை எடுத்து வெட்டி ஒவ்வொரு கட்டிலும் ஒன்று சேர்த்தேன். கொட்டகை உலையிலேயே நீளமான ஷாக்கிள் அடித்தேன். கம்பெனிச் சாமானில் இருந்தது போல மரை வெட்ட எங்களிடம் கருவி இல்லை. ஆகவே சும்மா துளை போட்டு, பித்தளைக் குழாயை நறுக்கிப் புஷ்ஷாகச் செருகி, போல்ட்டு மாட்டினேன். பாய் குனிந்து பார்த்தார். கோச்சு வண்டி ஸ்பிரிங் பார்த்து வளர்ந்த கண் அவருடையது.

"நீளம் ஜாஸ்தியா இல்லே?" என்றார்.

"பர்மால இத விட நீளம் பாய்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உலைப் பக்கம் போய்விட்டார். ஜீப் பந்தயக் குதிரை மாதிரி உயர்ந்து நின்றது. வக்கீலால் ஏற முடியவில்லை. அவர் ஏறுவதற்கென்று ஒரு மணைப்பலகையை வண்டியிலேயே எடுத்துப் போகும் ஏற்பாடு வந்தது. போகிற இடமெல்லாம் டிரைவர் இறங்கி, சுற்றி வந்து, பலகையைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். வக்கீலுக்கு அதில் ஒரு குறைவும் தோன்றவில்லை. யானைமேல் ஏறுகிற முகபாவத்தோடு ஏறுவார்.

வண்டியை எடுத்துப் போகும்போது நான் சொன்னேன், வாரம் ஒரு தடவை ஷாக்கிளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும் என்று. இதைச் சரியாகத்தான் சொன்னேன்.

வக்கீல் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "கிரீஸ்ல மாட்டுக் கொழுப்பு கலக்கறான்னு கேள்வி. இந்த வண்டியிலதான் நான் கோவிலுக்குப் போயிண்டிருக்கேன். அந்த அநாசாரமெல்லாம் வேண்டாம். ஆத்துல செக்கு நல்லெண்ணெய் இருக்கு, அத விட்டாப் போறது."

சில கிரீஸில் கொழுப்பு கலப்பது உண்டுதான். அது பொய்யில்லை. ஆனால் அப்போது அவர் காலில் மாட்டிக்கொண்டிருந்த செருப்பு மாட்டுத் தோல். கோர்ட்டுக் கட்டுகளை வைத்திருந்த பையும் மாட்டுத் தோல். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. நல்லெண்ணெய் நிற்காது, வழிந்துவிடும் என்றாவது சொல்லியிருக்கலாம். "ஆகட்டும் சார்" என்றேன்.

சனிக்கிழமை சனிக்கிழமை அந்த வீட்டில் நடந்ததை நானே ஒரு தரம் போய்ப் பார்த்தேன். வக்கீலுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கூடத்துத் தாழ்வாரத்தில் கோவணத்தோடு உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொள்வார். காய்ச்சின எண்ணெயில் மீந்ததை அதே பித்தளைக் கிண்ணத்தோடு வாசலுக்கு அனுப்புவார்கள். டிரைவர் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஷாக்கிளுக்கு இரண்டாக எட்டு இடத்திலும் கரண்டியால் எண்ணெய் விடுவார். அதில் மிளகும் அரிசியும்கூடக் கிடந்தன. அரைமணி நேரம் ஊறின பிறகு கிணற்றுத் தண்ணீர் இறைத்து வண்டியைக் கழுவுவார். வக்கீலுக்கும் ஜீப்புக்கும் ஒரே நாள், ஒரே எண்ணெய், ஒரே கிணறு. ஜீப்புக்குச் சீயக்காய் மட்டும்தான் போடவில்லை.

"சார், எண்ண நிக்கல. வழிஞ்சி பூடுது" என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார்.

"அப்போ நெறைய விடு" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெருங்குடி. மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையில் மணல் ஒட்டும். உப்பு மண்ணும் சேரும். வண்டி ஆட ஆட அந்த மணல் பித்தளையைச் சாணை பிடிப்பது போலத் தேய்க்கும். மூன்று மாதத்தில் என் பித்தளைப் புஷ்ஷெல்லாம் வெற்றிலை மாதிரி மெலிந்துவிட்டது. துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன. வண்டி நடுங்க ஆரம்பித்தது. முதல் முறை வந்தபோது புஷ்ஷை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஏழு வாரத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் மாற்றினேன். தேய்ந்ததைக் கழற்றிக் கழற்றிப் புதிதாகப் போட்டேனே தவிர, ஏன் தேய்கிறது என்று வாய் திறக்கவில்லை.

இரண்டாம் தடவை மாற்றிய சில வாரத்தில் அடையாறு பாலத்தின் மேல் போகும்போது ஸ்டியரிங் வெடுக்கென்று இழுத்து, ஜீப் எதிரே வந்த வைக்கோல் வண்டியைப் பார்த்து ஓடியது. டிரைவர் எப்படியோ திருப்பி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. வக்கீலின் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டி ஆற்றில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் வக்கீல் பயந்துவிட்டார். ஒரு பெரிய மனிதர் பயந்தால் அதற்கு ஒரு சின்ன மனிதர் பொறுப்பாக வேண்டும். "காலங்கார்த்தால சாராயம் போட்டுண்டு வந்திருக்கான்" என்று அன்றைக்கே வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. சட்டம் படித்தவர் அல்லவா, ஒரு வாய்தாவும் கொடுத்தார். வண்டியை மறுபடி கொட்டகையில் பிரித்துப் பார்ப்பது, வண்டியில் தப்பு இருக்கிறதென்று மெக்கானிக் சொன்னால் சரி, இல்லாவிட்டால் டிரைவர் வீட்டுக்குப் போக வேண்டியது.

டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மத்தியானம் என்னிடம் வந்தார். நான் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"நைனா, நான் குடிக்கிறவன் இல்ல. உனுக்கே தெரியும்."

"தெரியும் அண்ணே."

"ஸ்டேரிங்கு எங்கையில இல்ல. அது பாட்டுக்கு இழுத்துக்கினு போவுது. ரெண்டு கையாலயும் புட்சிக்கினுதான் ஓட்டிக்கினு கீறேன்." கையைக் காட்டினார். உள்ளங்கையில் காய்ப்பு உரிந்திருந்தது. "நீ போட்ட ஷாக்கிளு நீளம். எண்ணையும் ஆவாது. நான் சொன்னா அவரு காதுல ஏறாது. நீ பட்டாளத்துல இருந்தவன். வண்டிலதான் கோளாறுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. போதும்."

என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. நீளம் என்று சொன்னதைக்கூட மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க இவர் யார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இங்கே எழுதாவிட்டால், இவ்வளவு பேரை நக்கல் செய்ததற்கு எனக்கு வாயே இருக்கக் கூடாது.

"பார்க்கலாம் அண்ணே" என்றேன்.

"நாப்பது வயசுக்கு மேல எவன் வேல குடுப்பான்? கடலுக்கும் போவ முடியாது, எனுக்கு வலயப் புடிக்கவே தெரியாது. அண்ணந்தம்பிங்க சிரிப்பானுங்க." அவர் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். "சாப்புடு நைனா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பிரித்தேன். வக்கீல் தம் ஜூனியர் ஒருவரோடு கைவண்டி ரிக்ஷாவில் வந்து, பாய் போட்டுக் கொடுத்த நாற்காலியில் குடையைக் கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்தார். டிரைவர் உலைக்குப் பக்கத்தில் நின்றார். சாட்சிக்கூண்டில் நான்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வலது பக்கம் முன்னால் இருந்த ஷாக்கிள்தான் எல்லாவற்றையும் விட மோசம். பித்தளை இருந்த இடத்தில் பொடிதான் இருந்தது. போல்ட்டு இடுப்பு ஒடிந்தது போல நடுவில் இளைத்திருந்தது. துளையில் விரல் நுழைந்தது. ஸ்டியரிங் பிடிக்கிறவர் உட்கார்ந்தது இடது பக்கம். வலது பக்கம் உட்கார்ந்தது வக்கீல், அவருடைய கனம், அவருடைய மணைப்பலகை. நான் போட்ட நீளம், அவர் விட்ட எண்ணெய், அவர் எடை, எல்லாம் சேர்ந்து அந்த ஒரு துளையில் எழுதியிருந்தன. படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கொட்டகையில் மூன்று பேர். நான், பாய், டிரைவர். துளையைத் துணியால் துடைத்தபோது நல்லெண்ணெய் வாசனை வந்தது.

பாய் எனக்குப் பின்னால் வந்து குனிந்து, தணிந்த குரலில், "வக்கீலாண்ட வாய குடுக்காதே பட்டாளம். சின்னதா சொல்லி முடி" என்றார். அவருக்கு வக்கீல் அனுப்புகிற மற்ற வண்டிகள் முக்கியம்.

"என்னப்பா சொல்றே?" என்று வக்கீல் கேட்டார். "ஓட்டினதுல தப்பா, வண்டியிலயே தப்பா?"

வண்டியில் தப்பு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன தப்பு என்பது. நீளம் என்று சொல்ல வேண்டும். நீளம் யார் போட்டது என்று கேட்பார். நான் என்று சொல்ல வேண்டும். பட்டாளத்தில் சர்வ சாதாரணம் என்றாயே என்பார். அப்புறம் பர்மா போய்விடும். எண்ணெய்தான் காரணம் என்று சொன்னால், ஜூனியருக்கு முன்னால் வக்கீலை முட்டாள் என்று சொன்னதாகும். இவ்வளவையும் அந்த ஒரு நிமிஷத்தில் நான் யோசித்தேன். உலைக்குப் பக்கத்தில் நின்றவரின் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

"வண்டி தேய்ஞ்சிருக்கு சார்" என்றேன்.

"தேயறது எதனால? அடாபிடியா ஓட்டினாத் தேயுமோ?"

"அதுவும் இருக்கலாம் சார்."

இருக்கலாம். அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடாபிடியாக ஓட்டினால் எந்த வண்டியும் தேயும். கோர்ட்டில் அந்தப் பதிலைக் கேட்டு எத்தனை பேரை உள்ளே அனுப்பியிருப்பாரோ, வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். டிரைவரைப் பார்த்து, "சாவியைக் குடுத்துட்டு நீ ஆத்துப் பக்கம் வந்து கணக்கத் தீத்துண்டு போ" என்றார். டிரைவர் சாவியை நாற்காலியின் மேல் வைத்தார். கையில் கொடுத்தால் தொட்டுவிடும் என்று பழகிப் போனவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கச்சேரி ரோடு பக்கமாக நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையில் ரோஷம் பிறந்தது. பிறக்க வேண்டிய நேரத்தில் பிறக்காத ரோஷம். நான் அடித்த நீள ஷாக்கிள்களையெல்லாம் குப்பையில் எறிந்தேன். பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, மெழுகுக் காகிதம்கூடப் பிரிக்காத பட்டாளத்துச் சாமானாகவே தேடிப் பிடித்தேன். அந்த ஷாக்கிள்களில் சிலது எதிர் மரை, அதாவது எல்லா மரையும் வலது பக்கம் திருகினால் இறுகும், அது இடது பக்கம் திருகினால் இறுகும். அடையாளம் தெரியாதவன் அடித்து ஏற்றி மரையைக் கெடுத்துவிடுவான். எனக்கு அடையாளம் தெரியும். மூன்று வருஷம் அதைத்தான் ரகம் பிரித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் நிஜமாகக் கற்றிருந்தது அது ஒன்றுதான், அதைக் கடைசியில்தான் உபயோகித்தேன். கூட்டின பட்டைகளையும் கழற்றினேன். வண்டி பழைய உயரத்துக்கு இறங்கியது. கிரீஸ் கன்னை வைத்து எட்டு இடத்திலும் ஓரத்தில் பிதுங்கும்வரை அடித்தேன்.

வண்டியைக் கொண்டு விட்டபோது வக்கீல் கிரீஸைப் பார்த்துவிட்டார். "என்னது இது?" என்று முகத்தைச் சுளித்தார்.

"இது வேற சார். பூமிக்கு அடியில எடுக்கறது. சுத்த சைவம்."

"அப்படிச் சொல்லு" என்றார். அத்தோடு முடிந்தது. எல்லா வண்டிக்கும் நாங்கள் அடிக்கிற அதே டின் கிரீஸ்தான் அது. அந்த ஒரு வார்த்தையை ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. வண்டி நாலு விரற்கடை இறங்கினதை அவர் கவனிக்கவேயில்லை. மணைப்பலகை இல்லாமல் ஏற முடிகிறதே என்று அவருக்கு ஆச்சரியம்கூட வரவில்லை. தம் உடம்பு இளைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

புது டிரைவராகக் குமாஸ்தாவின் மைத்துனன் ஒருவன் வந்தான். லாயக்கில்லாதவன், கியரை மாற்றும்போது தெருவே விழித்துக்கொள்ளும். அப்படியும் ஜீப் வெண்ணெய் போல ஓடியது. பெருங்குடி போயிற்று, வந்தது. நடுக்கமில்லை, இழுப்பில்லை. ஒரு மாதம் கழித்து வக்கீல் கொட்டகைக்கு வந்து, நாலு வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது பாயிடம் சொன்னார்:

"பாத்தேளா? டிரைவர மாத்தினேன், வண்டி சரியாப் போயிடுத்து. பன்னெண்டு வருஷம் ஒரு குடிகாரன நம்பி உசிரக் குடுத்துண்டிருந்திருக்கேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தேன். நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலையே அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவர் குடிகாரர் என்பது மயிலாப்பூரில் அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வக்கீல்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் இனி அவரை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வக்கீலை நினைத்து ஏற்பட்ட அருவருப்பை விட அதிகமாக என்னை நினைத்து ஏற்பட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நொச்சிக்குப்பத்துக்கு நடந்து போனேன். அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். படகுகளுக்கு நடுவே நாலு பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருக்கிறார் என்றார்கள். அவருடைய மனைவி சாலை ஓரத்தில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். தெரியும் என்றாள். கத்தி நிற்கவில்லை.

நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். ஷாக்கிளை நீட்டினது நான் என்றேன். எண்ணெயைத் தடுக்காதது நான் என்றேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றேன். பர்மாவுக்கு நான் போனதேயில்லை என்றுகூடச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு அது எதற்கு? ஆனால் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டக் கொட்ட எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. நல்லவனாகிவிட்டது போலக்கூட இருந்தது.

அவள் நறுக்கின துண்டுகளைத் தண்ணீரில் அலசிக் கூடையில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்த வக்கீலாண்ட சொன்னியா?"

"இல்ல."

"அவுராண்ட சொல்ல வேண்டியத என்னாண்ட இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீற? எனுக்குத் தெரியாதா என் ஊட்டுக்காரன் குடிக்கிறவன் இல்லன்னு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து மீன் என்ன விலை என்று கேட்க, அவள் பக்கம் திரும்பிவிட்டாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வழியை மறைக்கிறேன் என்று தெரிந்ததும் நகர்ந்தேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வக்கீல் வீட்டில் இருக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், போகிற வருகிறவர்கள் இரண்டையும் பார்க்கட்டும் என்று. மந்தைவெளிக்குத் திரும்புகிற என் வழி அந்தத் தெருதான். தெருமுனைவரை போனேன். ஜீப்பின் பின்பக்கம் தெரிந்தது, அவர் காலும் தெரிந்தது. அன்று நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அதற்குப் பிறகும் அந்தச் சுற்று வழியாகவே போய் வந்துகொண்டிருந்தேன்.